எல்லோரும் நீலம் என்று சொன்ன சுவர்

ஓவியக் கூடங்களில் புதிதாக வேலைக்கு வந்திருக்கிற உங்களில் யார் போன் பண்ணினாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "சார், இந்தப் படத்துக்கு எந்த லைட் போடலாம்?" எதை வேண்டுமானாலும் போடுங்கள், எனக்கென்ன வந்தது. அதையெல்லாம் இப்போது உங்கள் செல்போனே சொல்லிவிடுகிறது. தில்லியில் ஓவியக் கூடங்களில் படம் மாட்டியும் விளக்கு வைத்துமே தலை நரைத்தவன் நான். விளக்கைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட உங்களுக்கு அதிகம் தெரியும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் படத்தைப் போட்டவரிடம் போய், "இது என்ன நிறம்?" என்று கேட்டீர்களா என்று நான் திருப்பிக் கேட்டால் சிரிக்கிறீர்கள். போன வாரம் ஒரு தங்கச்சி பட்டென்று சொன்னாள், "அதான் தெரியுதே சார், எனக்குக் கண்ணு இல்லையா?" என்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டியதை எல்லோருக்குமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

காஸில் ஓடுகிற சி.என்.ஜி. பஸ்கள் வருவதற்குக் கொஞ்சம் முந்தைய காலம் அது. தில்லிக் குளிர்காலம் என்றால் புகைதான். ரிங் ரோட்டில் ஒருதரம் போய்வந்தால் சட்டைக் காலரைத் தேய்த்தே கை வலிக்கும். குடும்பம் சாத்தூரில், நான் முனிர்காவில் மொட்டை மாடியை ஒட்டிய ஒற்றை அறையில். வாரம் முழுக்க இந்தியில் பேசி, இந்தியில் திட்டி, இந்தியிலேயே திட்டும் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை வந்தால் தமிழில் நாலு வார்த்தை பேச ஆளைத் தேடுவேன். பக்கத்து அறைகளில் தமிழ்ப் பையன்கள் இருந்தார்கள்தான். அவர்கள் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள். என் தலையைப் பார்த்தாலே கதவைச் சாத்திக்கொள்வார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, பிடித்தால் விடமாட்டேன் நான்.

அதனால், படம் போடுகிற மேடம் ஒருவர் எங்கள் கூடத்துக்கு வருகிற நாள் எனக்குத் திருநாள் மாதிரி. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர். மாயவரம் பக்கத்துக்காரர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. சரோஜினி நகர் குவார்ட்டர்சில் தனியாக இருந்தார். முதல் தடவை நான் 'அம்மா' என்று கூப்பிட்டபோது, "மேடம்னே கூப்பிடுப்பா. அம்மான்னா யாரோ பின்னாடி நிக்கிறாங்கன்னு திரும்பிப் பாக்கத் தோணுது" என்றார். அதோடு மேடம்தான். என் சாத்தூர்த் தமிழைக் கேட்டால் அவருக்குச் சிரிப்பு வரும், அவர் தமிழைக் கேட்டால் எனக்கு.

அவர் படங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது. மரம், மனுஷன், மாடு என்று எதுவும் இருக்காது. கலர் பென்சிலால் போட்ட கோடுகள் மட்டும்தான். மயிரிழைக் கோடுகள், ஒன்றின் மேல் ஒன்றாக, தாள் முழுக்க. கிட்டே போனால் கோடு, தள்ளி நின்றால் வெளிச்சம். சாம்பல் பென்சிலை அவர் தொடவே மாட்டார். நீலக் கோட்டையும் பழுப்புக் கோட்டையும் பக்கம் பக்கமாக இழுத்து, பார்க்கிறவன் கண்ணுக்குள்ளே அவை கலந்து சாம்பல் ஆக வேண்டும் என்பார். "தாள்ல நான் பாதிதான் போடறேன், மீதியை உன் கண்ணு போட்டுக்கணும்" என்பது அவர் பேச்சு.

எதைப் பார்த்துப் போடுகிறார் என்று கேட்டால் சிரிப்பார். சமையலறை ஜன்னலுக்கு எதிரே இன்னொரு பிளாக்கின் பின்சுவர். ஜன்னல் இல்லாத மொட்டைச் சுவர். குளிர்காலத்தில் சாயங்காலம் வெயில் அதன்மேல் வழுக்கிக்கொண்டு இறங்கும். வருஷக்கணக்காக அவர் போட்டதெல்லாம் அந்த வெளிச்சத்தைத்தான். ஆபீசிலிருந்து வந்து காப்பி போட்டுக்கொண்டு ஜன்னலுக்கு முன்னால் உட்கார்ந்தால், வேறு பேச்சுத்துணை கிடையாது அவருக்கு. அந்தச் சுவர்தான்.

கூட்டுக் கண்காட்சிகளில் ஒன்றிரண்டு படம் வைத்துக்கொண்டிருந்தவருக்கு எங்கள் முதலாளி தனிக் கண்காட்சி தருவதாகச் சொன்னார். காரணம் நீலம். முந்தைய சில வருஷங்களில் மேடம் போட்ட படங்களில் நீலம் ஏறிக்கொண்டே வந்திருந்தது. கடைசியாக வந்தவற்றில், சொன்னால் நம்ப மாட்டீர்கள், தாளிலிருந்து நீலம் எட்டிப் பிடிக்க வரும். முதலாளி அசந்துபோனார். பார்க்க வந்தவர்களும், பத்திரிகையில் எழுதுகிறவர்களும், எல்லோரும் "அந்த நீலம், அந்த நீலம்" என்றே பேசினார்கள். அழைப்பிதழ் அட்டையிலும் இருப்பதிலேயே அதிக நீலமான படத்தைத்தான் போட்டார்கள். என்னைக் கூப்பிட்டு, நீலம் இன்னும் துள்ள வேண்டும், அதற்குத் தகுந்த விளக்கு வை என்றார் முதலாளி. நானும் வெள்ளை வெளேரென்று பகல் வெளிச்சம் மாதிரியான விளக்குகளாகத் தேடிப் பிடித்து வைத்தேன். நன்றாகவும் வந்தது. உள்ளே நுழைந்தால் கண் குளிர்ந்துவிடும்.

இதற்கிடையில் மேடத்துக்குக் கண்ணில் புரை. இரண்டு கண்ணிலும். வலது கண்ணை முதலில் அறுத்து உள்ளே லென்ஸ் வைத்தார்கள். இடது கண்ணுக்கு ஒரு மாதம் போகட்டும் என்றார் டாக்டர். அப்போதெல்லாம் ஆபரேஷன் முடிந்தால் கறுப்புக் கண்ணாடி மாட்டி அனுப்பிவிடுவார்கள், வெளிச்சம் படக்கூடாது, கண்ணைச் சிரமப்படுத்தக்கூடாது என்று. படங்கள் அதற்கு முன்பே சட்டம் போட எங்களிடம் வந்துவிட்டன. ஆக, ஆபரேஷனுக்குப் பிறகு தன் படம் ஒன்றைக்கூட அவர் பார்க்கவில்லை. அழைப்பிதழை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்து, பெயரில் எழுத்துப் பிழை இல்லை என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் காலையில் வந்தார். கண்ணாடியைக் கழற்றலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம், முகத்தில் சந்தோஷம். கூடத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். வாசலிலேயே கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். நடு ஹாலில் நின்று மெதுவாக ஒரு சுற்றுத் திரும்பினார்.

"இதெல்லாம் யாரோடதுப்பா? என்னோடதை எங்க மாட்டியிருக்கே?" என்றார்.

கேலி பண்ணுகிறார் என்றே நினைத்தேன். நானும் விளையாட்டாக, யாரோ மாயவரத்து அம்மாவாம், பெரிய ஆளாம் என்று ஏதோ சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு படத்துக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து கீழ் மூலையில் இருந்த கையெழுத்தைப் பார்த்தார். அடுத்த படத்தின் கையெழுத்தைப் பார்த்தார். அதற்கடுத்ததையும் பார்த்தார். பிறகு நடுவில் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பசியில் தலை சுற்றுகிறதோ என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தார். அழைப்பிதழில் வந்த படத்தைக் காட்டி, அதை மட்டும் இறக்கிச் சட்டத்துக் கண்ணாடியை எடுத்துத் தா, ஒரு இடத்தில் கொஞ்சம் சரி பண்ண வேண்டும் என்றார்.

ஓவியர்கள் கடைசி நிமிஷத்தில் இப்படிக் கேட்பது சகஜம். தூசி ஒட்டியிருக்கும், கையெழுத்து மங்கியிருக்கும். நானும் இறக்கி, பின்பலகையைக் கழற்றி, படத்தை மேஜைமேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால், மேஜைமேல் பென்சில் டப்பா திறந்து கிடக்கிறது. மேடம் குனிந்து உட்கார்ந்து, நீலத்தின் மேல் மஞ்சளும் பழுப்பும் இழுத்துக்கொண்டிருக்கிறார். இழுக்கிறார் என்றா சொன்னேன்? தேய்க்கிறார். ஒரு மூலை, கையகலத்துக்கு, ஏற்கெனவே மண் நிறமாகிவிட்டது. மயிரிழை இழுக்கிற கை அது, அன்றைக்கு அப்படி அழுத்திக்கொண்டிருந்தது.

மறுநாள் திறப்பு. ஊருக்கெல்லாம் அழைப்பிதழ் போய்விட்டது, அதுவும் இதே படத்தோடு. மாடியில் முதலாளி இருக்கிறார். ஒரு குரல் கொடுத்தால் வந்து படத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார். அல்லது நானே கையைப் பிடித்துத் தடுக்கலாம். உங்களில் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் செய்வீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் தாள் அவருடையது, கை அவருடையது. போட்டவரைவிட அந்தப் படத்தின் மேல் எனக்கு என்ன உரிமை? அதே சமயம், அந்தக் கை போகிற வேகம் சரியில்லை என்றும் தெரிந்தது. கோபத்தில் போகிற கை அது. சரி பண்ணுகிற கை இல்லை. நிறுத்தவும் முடியாது, விடவும் முடியாது என்ற நிலை வந்தால் என்ன செய்வது? கேள்வி கேளுங்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டேன்.

"மேடம், எந்தக் கண்ணால பாத்துப் போடுறீங்க?"

பென்சில் நின்றது. "புதுக் கண்ணாலதான். பழசுல என்ன தெரியுது, ஒரே மூட்டம்."

"பழைய கண்ணு இந்தப் படத்தை என்ன சொல்லுதுன்னு பாத்தீங்களா?"

வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். இடது கண்ணால் படத்தைப் பார்த்தார். கையை மாற்றி மூடிப் பார்த்தார். மறுபடி மாற்றினார். எத்தனை தடவை மாற்றினாரோ, நான் எண்ணவில்லை. கடைசியில் வலது கண்ணை மூடியபடியே அப்படியே இருந்துவிட்டார். அந்த மூலையில் கை வைத்து, "அய்யோ, நல்ல சுவத்துல போய் சாணி அடிச்சுட்டேனே" என்றார். பென்சிலை நானாக வாங்கி டப்பாவில் போட்டேன். கொடுத்துவிட்டார்.

அதற்கப்புறம்தான் எல்லாம் சொன்னார். புரை ஒரே நாளில் வருவதில்லை. வருஷக்கணக்கில் கண்ணுக்குள் மெல்ல மெல்ல மஞ்சள் ஏறுகிறது. ஏறுகிறது என்று அவருக்கே தெரியவில்லை. ஊர்தான் மஞ்சளாகிக்கொண்டு வருகிறது என்று நினைத்திருக்கிறார். ஆபீசில், "வானத்தைப் பாருங்க, எப்படிப் பழுப்பா ஆயிடுச்சு" என்பாராம். பக்கத்து மேஜைக்காரர்களும், ஆமாம் ஆமாம், பஸ் புகை, லாரிப் புகை என்று தலையாட்டுவார்களாம். தில்லியில் அதைச் சொன்னால் யார்தான் மறுப்பார்கள்? அவர் ஒரு பழுப்பைச் சொன்னார், அவர்கள் வேறொரு பழுப்பைச் சொன்னார்கள். அத்தனை வருஷமும் பேச்சு பொருந்தியே போயிருக்கிறது.

படத்திலும் அதே கதைதான். சுவர் முன்பிருந்த மாதிரி சாம்பலாக வர, முன்பைவிட அதிகமாக நீலம் இழுக்க வேண்டியிருந்தது. பென்சில் கம்பெனிக்காரன் நீலத்தில் கலப்படம் பண்ணுகிறான் என்று அவனைத் திட்டிவிட்டு வேறு கம்பெனிப் பென்சில் வாங்கினாராம். அதுவும் போதவில்லையாம். இன்னும் இழுத்தார், இன்னும் இழுத்தார். சாம்பல் வருகிறவரைக்கும் இழுத்தார். அவர் கண்ணுக்கு வந்தும்விட்டது. பார்த்த எங்களுக்குத்தான் அது ஒரே நீலம். எல்லோரும் நீலம் நீலம் என்று பாராட்டினார்களே, அப்போதாவது சந்தேகம் வரவில்லையா என்று கேட்டேன். "ஓவியக்காரங்க பேச்சு அப்படித்தானேப்பா இருக்கும். சோகத்தைச் சொல்றாங்க, மனசைச் சொல்றாங்கன்னு நினைச்சேன். நிஜமாவே நீலமா இருக்குன்னு ஒருத்தரும் சொல்லலையே" என்றார்.

யார் சொல்வோம்? ஓவியரிடம் போய் உன் படம் நீலமாக இருக்கிறது என்று சொல்கிற முட்டாள் எங்கள் தொழிலில் உண்டா? மரியாதைக் குறைவு இல்லையா? நிறத்தை வைத்தே பிழைக்கிற அத்தனை பேர் கூடி, அத்தனை வருஷம் பேசி, ஒருத்தருக்கொருத்தர் என்ன நிறம் தெரிகிறது என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தத் தங்கச்சி கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில். கண் இருக்கிறதம்மா உனக்கு. ஆனால் உன் கண்தானே இருக்கிறது.

என்னிடம் மஞ்சள் ஜெலட்டின் தாள் இருந்தது. நாடக மேடையில் விளக்குக்கு முன்னால் சொருகுவார்களே, அந்தக் கலர்த் தாள். எங்கள் வேலைக்கு எப்போதாவது தேவைப்படும் என்று சுருட்டி வைத்திருப்பேன். அதில் அழுக்கு மஞ்சளாக ஒன்றை எடுத்துக் கத்தரித்து, இரண்டு கண்ணுக்கும் முன்னால் பிடித்துக்கொண்டு சுவரில் இருந்த இன்னொரு படத்தைப் பார்த்தேன். முதலில் எல்லாம் மஞ்சள் தண்ணீரில் முங்கின மாதிரிதான் இருந்தது. மேடம் பின்னாலிருந்து, "ஜல்தி பண்ணாதே, கண்ணு பழகட்டும்" என்றார். நின்றேன். கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சள் பின்வாங்கியது. அதோடு நீலமும் அடங்கியது. கோடுகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டன. அதுவரை நான் மாட்டி, துடைத்து, விளக்கு வைத்து, நாள் கணக்கில் பார்த்த படம் அங்கே இல்லை. சுவர் இருந்தது. சொரசொரவென்று காரைச் சுவர். அதன்மேல் சாயங்கால வெயில் சாய்ந்து இறங்கிக்கொண்டிருந்தது.

தெரிகிறது மேடம் என்றேன். அவர் நம்பவில்லை. எனக்கு ஆறுதலுக்காகச் சொல்லாதே, என்ன தெரிகிறது சொல் என்றார். சொன்னேன். வெயில் எங்கே முடிகிறது என்று சொன்னேன். பூச்சு எங்கே உப்பியிருக்கிறது என்று சொன்னேன்.

"கீழே வலது பக்கம் சுவர் ஈரமா இருக்கு மேடம். குழாய் ஏதும் கசியுதா?"

வெள்ளை வெளிச்சத்தில் அந்த இடத்தில் ஒன்றுமே கிடையாது, நீலம்தான். மேடம் அழுதார். ஆபீசில் பல பேரை அதட்டி வேலை வாங்குகிற மனுஷி, என் முன்னால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "அந்த ஈரத்துக்கு மட்டும் ஒரு மாசம் உக்காந்தேன்பா. ஒருத்தராவது கேக்க மாட்டாங்களான்னு இருந்தது" என்றார்.

சத்தம் கேட்டு முதலாளி இறங்கி வந்தார். மேஜைமேல் கிடந்த படத்தைப் பார்த்ததும் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டார். நான்தான் விஷயத்தைச் சொன்னேன். கெட்டவர் இல்லை அவர். சத்தம் போடவில்லை. உட்கார்ந்து முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நீலம் எப்படி வந்தால் என்ன, வந்த நீலம் உண்மைதானே, அதைப் பார்த்து மனம் கரைந்தவர்கள் பொய்யாகவா கரைந்தார்கள் என்றார். எனக்கு அப்போது ஆவேசம். ஒரு மத்தியானம் தந்தால் எல்லா விளக்குக்கும் மஞ்சள் தாள் சொருகிவிடுகிறேன், மேடம் பார்த்ததை எல்லோரும் பார்க்கட்டும் என்றேன். அழைப்பிதழில் நீலத்தைப் போட்டுவிட்டுச் சாம்பலைக் காட்டினால் சிரிப்பார்கள் என்றார் அவர். சிரித்தால் சிரிக்கட்டும் என்றேன் நான். அவர் ஒரு பக்கம் இழுக்க, நான் ஒரு பக்கம் இழுக்க, நடுவில் உட்கார்ந்திருந்தவரை இரண்டு பேருமே மறந்துபோனோம். இது நம் தொழிலில் அடிக்கடி நடக்கும், கவனித்துக்கொள்ளுங்கள். படத்துக்காக என்று வாதாடுவோம், போட்டவர் பக்கத்திலேயே வாயடைத்து உட்கார்ந்திருப்பார்.

மேடம் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். செக்‌ஷன் ஆபீசர் குரல் திரும்பிவிட்டது. இந்தியில் முதலாளியிடம் சொன்னார், கண்காட்சி நடக்கட்டும், விளக்கு இப்படியே இருக்கட்டும், மூலை கெட்டுப்போன படமும் சுவரில் இருக்கட்டும், ஆனால் என் கண் வைத்தியத்தைப் பற்றி ஒரு வரி எழுதினாலும் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்று. அவர் அச்சா அச்சா என்று தலையாட்டிவிட்டு மேலே போனார். எனக்கு மனசு ஆறவில்லை. ஏன் மேடம், எல்லோரும் பார்க்கட்டுமே என்றேன். "என் கண்ல இருந்த கோளாறை எல்லார் கண்ணுலயும் மாட்டிவிடணுமா? வேண்டாம்ப்பா. அவங்கவங்க கண்ணால பாக்கட்டும்" என்றார். நான் படத்தைச் சட்டத்துக்குள் வைத்து மறுபடி மாட்டினேன்.

திறப்பு விழா நன்றாகவே நடந்தது. அந்த மண் மூலையைப் பார்த்துவிட்டு ஒருவர், நீலத்தின் முடிவில் பூமி வருகிறது என்று பெரிய விளக்கமெல்லாம் கொடுத்தார். மேடம் என்னைத் தேடிப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன், இல்லாவிட்டால் சிரித்திருப்பேன்.

அதற்குப் பிறகு தினமும் ஆபீஸ் முடிந்து நேராகக் கூடத்துக்கு வருவார். பெஞ்சில் உட்கார்ந்து, வலது உள்ளங்கையால் வலது கண்ணை மூடிக்கொள்வார். வந்தவர்கள், பாவம் தலைவலி போல என்று நினைத்துக்கொண்டு ஓசைப்படாமல் நகர்வார்கள். அத்தனை பேர் நீலத்தைச் சுற்றி நடந்துகொண்டிருக்க, ஒரு ஆள் மட்டும் சாம்பல் சுவருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதை நான் வாசலில் நின்று பார்ப்பேன். போய்ப் பேச வேண்டும் போல இருக்கும். ஆனால் என்னிடமும் என் கண்தானே இருந்தது.

ஒரு நாள் அவரே கூப்பிட்டுக் கேட்டார். அடுத்த கண்ணுக்கு டாக்டர் நாள் குறித்துவிட்டார், கண்காட்சி முடிந்த கையோடு. தள்ளிப்போட்டால் பழுத்துப்போய்க் கல்லாகிவிடும், அப்புறம் அறுப்பதும் சிரமம், பார்வைக்கும் உத்தரவாதம் இல்லை என்கிறார். "இந்தக் கண்ணை இப்படியே விட்டுடட்டுமாப்பா? அறுத்துட்டா இதையெல்லாம் பாக்கறதுக்கு ஆளே இல்லை."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? விளக்கு வைக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? என் புத்திக்கு எட்டியது மஞ்சள் தாள்தான். ஓடிப்போய் எடுத்துவந்து புதுக் கண்ணுக்கு முன்னால் பிடிக்கச் சொன்னேன். இதை வைத்துக்கொள்ளுங்கள், எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பழைய கண்ணையும் தாளையும் மாற்றி மாற்றி ஒப்பிட்டார். "கிட்டத்தட்ட சரியா இருக்கு. ஆனா இது கடை மஞ்சள்பா, என் மஞ்சள் இல்லை" என்று என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். எனக்கு அவமானமாகவும் இருந்தது, துக்கமாகவும் இருந்தது. அறுக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு ஆசை. அது என் ஆசை. அந்தச் சுவரை நான் இன்னொரு தடவை நம்பிப் பார்க்க வேண்டும், அதற்கு அவர் பக்கத்தில் இருந்து ஆமாம் என்று சொல்ல வேண்டும். அதற்காக ஒருத்தர் கண்ணைப் பணயம் வைக்கச் சொல்ல முடியுமா? அறுத்துவிடுங்கள் மேடம், பென்சில் பிடிக்கக் கண் வேண்டாமா என்றேன். அவர் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.

கண்காட்சி முடிந்து படங்களைக் கழற்றும் நாள் வந்தது. கல்யாண வீட்டில் பந்தல் பிரிக்கிற மாதிரிதான் எங்களுக்கு அந்த நாள். யாருக்கும் மனசு இருக்காது, சீக்கிரம் முடித்துவிட்டுப் போனால் போதும் என்றிருக்கும். அன்றைக்கு மேடம் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். நான் விளக்குகளை அணைத்துவிட்டு ஜன்னல் திரைகளை விலக்கினேன். வெறும் பகல் வெளிச்சம். அவர் வலது கண்ணை மூடிக்கொண்டு முதல் படத்துக்கு முன்னால் போய் நின்றார். நின்று பார்த்துவிட்டுத் தலையசைத்தார். நான் அதைக் கழற்றினேன். அடுத்ததற்கு நகர்ந்தார். வழக்கமாக நிமிஷத்தில் முடிகிற வேலை அன்றைக்கு மத்தியானம் வரை போனது. நடுவில் வந்து எட்டிப் பார்த்த முதலாளியும் திரும்பிப் போய்விட்டார்.

கடைசிப் படம், சுவர் ஈரமாக இருந்த படம். அதன் முன்னால் நின்றவர் தலையசைக்கவே இல்லை. நான் ஏணியைப் பிடித்தபடி காத்திருந்தேன். ஒரு கண்ணை மூடியபடியே, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"நாளைக்கு இந்தக் கண்ணும் போயிடுச்சுன்னா, நானும் உங்க எல்லாரையும் மாதிரி இதை நீலமாத்தான் பாப்பேன். போகட்டும்ப்பா. பேசிக்கறதுக்காவது நாலு பேர் இருப்பாங்க."

கையை இறக்கினார். இரண்டு கண்ணாலும் ஒருதரம் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். நான் ஏறிப் படத்தைக் கழற்றினேன்.